ஃபில்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்காக இத்தனை வருடமும் எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனைச் சீட்டில் மாதிரி எங்கிருந்து எடுத்தது என்று எழுதாமல் யாராவது கொண்டுவந்தால், அதை நாலாகக் கிழித்து அவர் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்புவேன். "சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்தக் குண்டான்ல மொண்டேன்னு சொல்லுய்யா" என்பது என்னுடைய வசனம். ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அதைச் சொல்லிக் காட்டுவார்கள். போன ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த வசனத்தை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும்.

எல்லாம் மீனால் வந்தது. இல்லை, மீன் மேல் பழி போடக்கூடாது. போட வேண்டிய பழியை எல்லாம் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டேன்.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வீட்டில் மீன் தொட்டி வைத்து தினம் அரைமணி நேரம் பாருங்கள், மனசு அமைதியாகும் என்றார். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை என்பதால், அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய அமைதிக்கு முழுநேர ஊழியம் பார்க்க ஆரம்பித்தேன். பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், கூடத்து ஜன்னலோரம் மூன்றடி நீளத் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி. "அவ்ளோ பெரிய தண்ணி வெளியில கெடக்கு, அதைப் பாக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

தொட்டி வாங்கியதும் மீன் விடக்கூடாது என்பது எனக்கு முதலில் தெரியாது. ஆவடி மீன் கடைக்காரர்தான் சொன்னார். மீன் கழிக்கிற கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அந்த விஷத்தைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதைத் தின்ன இன்னொரு வகை. கடைசியில் நைட்ரேட் என்று ஒன்று மிஞ்சும், அது அதிகம் கெடுதல் செய்யாது, வாரம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை தொட்டியில் தண்ணீரும் பொறுமையும் மட்டும்.

பாக்டீரியாவுக்குப் பசி எடுக்க ஏதாவது அழுக வேண்டுமே. உரிக்காத இறால் ஒன்றைப் பழைய காலுறையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். இரண்டாம் வாரம் கூடத்தில் வந்த வாசத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் பல கருத்துகள் இருந்தன. மனைவி சாம்பிராணி போட்டாள். அதன் பிறகு எங்கள் வீடு, இழவு விழுந்த மீன் மார்க்கெட் மாதிரி மணந்தது.

இதை எல்லாம் ரசித்த ஒரே ஆள் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்துக்காரர். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கேட்டைப் பார்ப்பது, தரைக்கடியில் இருக்கிற சம்ப்பில் தண்ணீர் நிரப்புவது, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவது, குளோரின் வாசம் பிடிக்காத வீட்டம்மாக்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடுவது எல்லாம் அவர் வேலை.

எங்கள் இருவருக்கும் காலையில் ஒருவரை ஒருவர் ஓட்டாவிட்டால் பொழுது விடியாது.

"இன்னா அண்ணாத்தே, மாசம் ஒண்ணாச்சு, தண்ணிய மட்டும் வச்சிப் பாத்துகினு கீறியே, தண்ணி முட்டை போடுதா?"

"போடும் தலைவரே. போட்டா முதல் ஆம்லெட் உனக்குத்தான்."

"வேணா நைனா, ஒன் ஊட்டு வாசமே மோட்டார் ரூம் வரிக்கும் வருது. எங்கூட்ல ரெண்டு நாளா கருவாடு செய்யல, செஞ்ச மாரியே கீது."

பேச்சுதான் அப்படி. அவர்தான் எனக்காக இரண்டு நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து, மூடாமல் வெயிலில் வைத்து, குளோரின் போன பிறகு வாளியில் மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். பிளீச்சிங் போடுகிற அன்று கீழேயிருந்தே குரல் வரும். "அண்ணாத்தே! இன்னிக்கி பவுடர் போட்டுகீறேன். ரெண்டு நாளிக்கி கொழாத் தண்ணி ஊத்தாத!" நாற்பது வீடு இருக்கிற கட்டடத்தில் அந்தக் கூப்பாடு எனக்கு மட்டும்தான். பெரிய மனிதன் ஆனமாதிரி இருக்கும்.

பரிசோதனைப் பெட்டி வந்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர். ஒரு புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, இன்னொன்றிலிருந்து எட்டுச் சொட்டு. மூடி போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருந்து, அட்டையில் இருக்கிற நிறத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அமோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. எவ்வளவு பச்சையோ அவ்வளவு விஷம். கடைக்காரர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பார்க்கச் சொன்னார். நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை பார்த்தேன். டியூப் லைட்டில் ஒரு நிறம், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம். குழாயைத் தூக்கிக்கொண்டு லுங்கியோடு மொட்டை மாடிக்கு ஓடி, வெள்ளைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். "இது மஞ்சளா, பச்சையா?" என்று மனைவியைக் கேட்டால், "பருப்புல கொஞ்சம் கீரை விழுந்த கலர்" என்பாள். அந்த அட்டையில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

ஆறாவது வாரம் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. நைட்ரைட் குழாயும் வானநீலமாக, சுத்தமாக இருந்தது. கடைக்காரர் பச்சைக்கொடி காட்டினார். பத்து டெட்ரா மீன்கள், விரல் கணு நீளம், உடம்பில் நீலக் கோடு போட்டவை, வந்து சேர்ந்தன. வாட்ச்மேன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்து பார்த்தார். "இத்துனூண்டு மீனுக்கா இவ்ளோ சோதனை? எஸ்.ஐ. வேலைக்கிகூட இம்மாம் டெஸ்ட் கெடியாது" என்றார். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு வாரம் எல்லாம் சௌக்கியம். ஆயுத பூஜை வந்தது.

ஆலையில் முந்தின நாளே எந்திரங்களை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்துப் பொரி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த உற்சாகம் வீட்டிலும் தொடர்ந்தது. பைக், மிக்ஸி, அரிவாள்மனை, தையல் மெஷின் வரிசையில், இந்த வருடம் என் ஆயுதங்களாகப் பரிசோதனைப் பெட்டியும் ஃபில்டரும் சேர்ந்தன. சாமி முன்னால் அழுக்கோடு வைக்க முடியுமா? ஃபில்டரைக் கழற்றினேன். ஸ்பாஞ்சு பழுப்பேறிப் பிசுபிசுவென்று இருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு அமுக்கி, குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். மல்லிகைப்பூ வெள்ளை. மோட்டாருக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். மனைவிகூடப் பாராட்டினாள். பூஜையில் வைத்த ஆயுதத்திடம் மறுநாள் வரை வேலை வாங்கக்கூடாது என்பதால், ஃபில்டர் அன்று முழுக்க ஓய்வெடுத்தது. விஜயதசமி அன்று பயபக்தியோடு எடுத்துத் தொட்டியில் மாட்டினேன்.

இதைப் படிக்கிற யாருக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இறாலை அழுகவைத்து, வீட்டில் ஏச்சு வாங்கி, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்களுக்கு ஒரு ஊரே கட்டிக் கொடுத்த நான், அந்த ஊரை வெந்நீரில் அவித்து வெயிலில் உலர்த்திப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். செய்தது பாவம் என்று தெரியாதது ஒரு பக்கம், புண்ணியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அதனாலோ என்னவோ, பிறகு எதனால் வந்தது என்று தேடியபோது இந்தப் பக்கம் என் புத்தி திரும்பவே இல்லை.

அந்த வாரம் சனிக்கிழமை வாட்ச்மேன் வழக்கம்போல் கூவினார், பவுடர் போட்டுகீறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பித் தம்ளரோடு தொட்டிப் பக்கம் வந்தால், பத்து மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. குழாயில் தண்ணீர் எடுத்தேன். அவசரத்தில் எட்டுச் சொட்டு பன்னிரண்டானது. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். ஐந்து நிமிடம் காத்திருக்கவே தேவைப்படவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை ஏறியது.

அதன் பிறகு நடந்தது மனைவி இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் நடித்துக் காட்டுவது. தண்ணீருக்குக் காற்று வேண்டும் என்று, தம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், டீக்கடை மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி. பாதி தொட்டியில், பாதி சோபாவில். "ஏங்க, சர்க்கரை போட்டாச்சா?" என்றாள். ஊற்றிக்கொண்டே இடது கையால் கைப்பேசியில் தேடினேன். தண்ணீரில் அமோனியா ஏன் வரும்? கழிவுநீர் கலந்தால் வரும் என்று முதல் வரியிலேயே இருந்தது. எனக்கு அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டான்.

பச்சைக் குழாயைப் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "நம் தண்ணீரில் அமோனியா. கழிவுநீர் கலந்திருக்கலாம். சம்ப்பைக் கவனிப்பது யார் வேலை?"

செயலாளர் உடனே வந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்து இளைஞர், எதையும் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் பேசமாட்டார். "சார், இது சம்ப் தண்ணிதானே? கன்ஃபார்ம் பண்ணுங்க" என்று கேட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பயத்தில் ஆள் ஆயிரம் செய்வான், அதற்கெல்லாம் சிரித்துக்கொள்ளலாம். இது அந்தக் கணக்கில் வராது. கேள்வி தெளிவாக இருந்தது. குழாயில் இருந்தது மீன் தொட்டித் தண்ணீர். சம்ப் தண்ணீரை நான் சோதிக்கவே இல்லை. சோதிக்க ஆறு நிமிடம் ஆகும். மீன் தொட்டித் தண்ணீர் என்று எழுதினால், அதற்கு ஏன்யா குழுவில் போட்டாய் என்று நாலு பேர் சிரிப்பார்கள். குழுவில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன் நான், என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்றை அனுப்பினேன். எழுத்தில் ஒரு பொய்கூட இல்லை, ஒரு விரல் மட்டும்.

பத்து நிமிடத்தில் குழு பற்றி எரிந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு என்று ஒருவர். முடி கொட்டுகிறது என்று இருவர். போன வாரத்து வயிற்றுப்போக்கு, அதற்கு முந்தின மாதத்துக் காய்ச்சல் எல்லாம் சம்ப்புக்கு வந்து சேர்ந்தன. பிறகு ஒருவர் எழுதினார்: "அந்த ஆளோட மனைவி சம்ப் மூடிக்குப் பக்கத்திலதான் பாத்திரம் கழுவுறாங்க. நானே பார்த்திருக்கேன்." அந்தச் செய்திக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன. யார் யாருடையவை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே உறுத்தியதற்கு அமோனியா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. சம்ப்பை மறுநாளே காலி செய்து கழுவுவது. அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டு, வாட்ச்மேனை நிறுத்திவிட்டு ஏஜென்சி மூலம் வேறு ஆள் எடுப்பது. வேலை போனால் மோட்டார் ரூம் பக்கத்து அறையும் போகும், அது யாரும் சொல்லாமலே தெரிந்ததுதான்.

திங்கட்கிழமை ஆலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆவடிக் கடைக்குப் போனேன். மோட்டாரில்தான் கோளாறோ என்று ஒரு சந்தேகம். அதற்குள் மூன்று மீன்கள் செத்திருந்தன.

கடைக்காரர் பையிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இவ்ளோ வெள்ளையா கீது? பொண்ணு பாக்க வராங்களா?"

"பழசுதான். அன்னிக்கி உங்ககிட்ட வாங்குனது."

"கழுவுனியா?"

"இல்லையே."

உண்மையாகவே இல்லை என்றுதான் நினைத்தேன். அவர் மோட்டாரைத் திருப்பினார். தண்ணீர் படாத மேல்பக்கத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, நடுவில் குங்குமம் லேசாகக் கரைந்து.

"அப்ப இது இன்னா? ஒன் ஃபில்டரு பழனிக்கிப் போயி வந்துச்சா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். வெந்நீர், குழாயடி, மொட்டை மாடி, ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது.

"அழுக்குதான் நைனா உசுரு. அத்த போயி அவிச்சிட்டியே" என்று சொல்லிக்கொண்டே, தன் கடைத் தொட்டி ஒன்றிலிருந்து கறுப்பேறிய ஸ்பாஞ்சை எடுத்து, அந்தத் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தார். "இத்த உள்ள வையி, ஊரு மறுபடி சேர்ந்துக்கும். தெனம் கால்வாசி தண்ணி மாத்து. தீனி போடாத. இனிமே கழுவணும்னா தொட்டித் தண்ணியிலயே லேசா ஒரு அலசு. ஆமா, ஒன் ஊட்டுத் தண்ணியத் தனியா டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணல."

"டெஸ்ட் பண்ற வேலையிலதான கீறேன்னு சொன்ன?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கைகழுவும் குழாயில் தண்ணீர் பிடித்தேன். காலையில்தான் சம்ப் காலியானது. மாடித் தொட்டியில் பழைய தண்ணீரே மிச்சம் இருந்தது, நான் குற்றம் சாட்டிய அதே தண்ணீர். கண்ணாடிக் குழாயை மூன்று தடவை அலசினேன். எட்டுச் சொட்டு, எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம். மஞ்சள். எலுமிச்சைப்பழ மஞ்சள். எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் அதே மஞ்சள். என் வாழ்க்கையில் ஒரு நல்ல ரிசல்ட்டைப் பார்த்து அப்படி வியர்த்ததில்லை.

அப்போதே குழுவில் எழுதியிருக்கலாம். கைப்பேசியை எடுத்தேன், ஒரு வரி அடித்தேன், அழித்தேன். மீன் பிழைக்கட்டும் முதலில் என்று நினைத்தேன். கூட்டத்தில் நேரில் சொன்னால்தான் மரியாதை என்று பிறகு நினைத்தேன். வேறு யாராவது பேசி அவரைக் காப்பாற்றிவிட்டால் நான் வாயே திறக்க வேண்டாம் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

தினம் கால்வாசித் தண்ணீர் மாற்ற நல்ல தண்ணீர் வேண்டும். சம்ப்பில் இருந்தது கழுவி நிரப்பிய புதுத் தண்ணீர், பவுடர் வாசம் மூக்கைத் துளைத்தது. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, புதன்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். வாட்ச்மேன், இரண்டு கையிலும் இரண்டு வாளி.

"அண்ணாத்தே, புதுத் தண்ணி ஊத்திடாத, ஏகத்துக்கும் பவுடர் போட வச்சிட்டாங்க. சம்ப்ப காலி பண்றதுக்கு முன்னாடியே ஒன் மீனுக்கோசரம் ரெண்டு டிரம்மு புடிச்சி வச்சிகினேன். மூணு நாளா வெயில்ல கீது, பவுடரு போயிருக்கும். இத்த ஊத்திக்கோ."

நான் வாளியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா அண்ணாத்தே, குரூப்புல என்னாமோ ஓடுதாமே? ஏதோ ஒரு படமாம். நம்ம தண்ணியில ஏதோ கலந்துகிதுன்னு. எங்கிட்ட அந்த போனெல்லாம் கெடியாது. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருப்பா போட்டது?"

"தெரியல தலைவரே" என்றேன். என் வாய்தான், என் குரல்தான். பொய் விரலிலிருந்து இப்போது வாய்க்கு வந்துவிட்டது. "மீன் எப்டி கீது?" என்று கேட்டார். ஏழு இருக்கிறது என்றேன். "பொழச்சிக்கும்" என்று என் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். எந்தத் தண்ணீர் விஷம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனோ, அதையே மருந்தாக, தம்ளர் தம்ளராக, மீனுக்கு வலிக்காமல். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வாளி வந்தது. வெள்ளியன்று இன்னொரு மீன் போயிற்று. சனியன்று பச்சை வெளிறி மஞ்சளை எட்டியது. மிச்சம் ஆறும் தொட்டியின் நடுவில் கூட்டமாக நீந்தின. டாக்டர் சொன்ன அரைமணி நேரம் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "அந்த அம்மா ரெண்டு நாளா குளிக்கிற ரூமுக்குள்ள உக்காந்து பாத்திரம் கழுவுது. நான் ஏன்னு கேட்டேன். சிரிச்சிகிட்டே ஒண்ணுமில்லக்கான்னு சொல்லிடுச்சு" என்றாள். வழக்கமான கேலி ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை.

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வாட்ச்மேன் கேட் பக்கம், கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும் ஒரு மாதிரி நின்றார். அவர் மனைவி அறை வாசலில் நின்றது.

நான் பரிசோதனைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். செயலாளர் பேச ஆரம்பிக்கும் முன்பே எழுந்தேன். என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். என் புத்தி போகிற ஒரே வழி எதுவோ, அதே வழியில்தான் ஒத்திகையும் போயிருந்தது.

"மகா ஜனங்களே! குற்றவாளி பிடிபட்டான். குள்ளமா, வழுக்கையா, லுங்கி கட்டிட்டு மூணாவது மாடியில ஒளிஞ்சிருந்தான். ஃபில்டருக்குப் பொட்டு வச்சி, பொரி படைச்சி, மீனைக் கொன்ன மகா பாவி!"

சிரித்தார்கள். எல்லோரும். தடிப்பு வந்த குழந்தையின் அப்பா கைதட்டினார். நான் இறால் கதையையும் டீ ஆற்றியதையும் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். செயலாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், உங்க மனசு புரியுது. வாட்ச்மேனைக் காப்பாத்தணும்னு உங்க மேலயே பழியைப் போட்டுக்கறீங்க. ஆனா போட்டோ இருக்கே சார், சம்ப் தண்ணியில அமோனியா ப்ரூவ் ஆயிருக்கே" என்றார்.

நான் கேட் பக்கம் பார்த்தேன். அங்கே மட்டும் சிரிப்பு இல்லை. அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்குப் புரியாதது அவருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. புதன்கிழமை வாசலில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் அவருக்கு விடை கிடைத்திருந்தது.

பெட்டியைக் கீழே வைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜோக் இல்ல" என்றேன். "அந்தப் படத்துல இருக்கறது எங்க வீட்டு மீன் தொட்டித் தண்ணி. சம்ப் தண்ணிய அன்னிக்கி நான் சோதிக்கவே இல்ல. சம்ப் தண்ணியான்னு நீங்க கேட்டப்ப, இல்லன்னு தெரிஞ்சே கட்டைவிரலைக் காட்டினேன். அது பொய். மறுநாள் குழாத் தண்ணியச் சோதிச்சேன், அதுல ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமைலருந்து எனக்குத் தெரியும். ஆறு நாளா சொல்லல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த அம்மா மேலயும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் தன் கைப்பேசியில் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அப்ப அஜெண்டா க்ளோஸ் சார்" என்றார். பாத்திரம் கழுவுவதைப் பற்றி எழுதியவர் படியேறிப் போய்விட்டார். வேலை போகவில்லை. அறையும் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் கேட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், கேலி எதுவும் கலக்காமல். பழக்கமில்லாததால் வாய் குழறியது. "தலைவரே, தப்புப் பண்ணிட்டேன். உங்கிட்டயும் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் கேட் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சார்" என்றார்.

சார். அத்தனை வருடத்தில் முதல் தடவை. ஒரு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெட்ராஸில் பிறந்தவன் நான், அவர் வாயில் எவ்வளவு நல்ல வசவுகள் உண்டென்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

ஆறு மீனும் நன்றாக இருக்கின்றன. வாரம் ஒரு தடவை சோதிக்கிறேன். குழாயில் ஒட்டுத் துண்டு ஒட்டி, தண்ணீர் எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைக்கிறேன். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கு ஃபில்டர் தொட்டியை விட்டு நகராது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். டிரம்மில் நானே தண்ணீர் பிடித்து, நானே மூன்று மாடி தூக்குகிறேன். டாக்டர், பிரஷர் பரவாயில்லை, நடக்கிறீர்களா என்று கேட்டார்.

கீழேயிருந்து கூப்பாடு வருவதில்லை. அவருக்கும் இப்போது வாட்ஸ்அப் இருக்கிற போன் வந்துவிட்டது, செயலாளர் குழுவில் சேர்த்துவிட்டார். போன சனிக்கிழமை அதில் ஒரு செய்தி வந்தது, யாரையோ எழுதித் தரச் சொல்லிப் போட்டது போல நல்ல தமிழில்: "இன்று சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டது. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்."

நாற்பது வீட்டில் மீன் தொட்டி இருப்பது ஒரே வீட்டில்தான்.

பதில் போட விரலை வைத்தேன். நான் அடிக்கடி அனுப்புவது என்பதால் அந்தக் கட்டைவிரல் படம்தான் வரிசையில் முதலாவதாக வந்து நின்றது. கைப்பேசியைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, படியிறங்கிக் கீழே போனேன். அவர் மோட்டார் ரூம் வாசலில் காலிப் பவுடர் மூட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"செய்தி பாத்தேன் தலைவரே. ரெண்டு நாளைக்கு ஊத்தல" என்றேன்.

"சரி சார்" என்றார். மூட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "ஆறும் கீதா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.